இரண்டு இடத்தில் இறங்கி ஏறுகிற ரிக்கற்

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். இந்த ஊரில் இருந்து ஒரு பஸ்ஸும் அந்த ஊரில் இருந்து ஒரு பஸ்ஸும் புறப்பட்டால் இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கேட்டுப் பிள்ளைகளைப் போட்டு வதைக்கிறவள். அப்படிப்பட்ட எனக்கு, முள்ளியவளையில் இருக்கிற அம்மாவை ரொறன்ரோவில் இருக்கிற அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற கணக்கு மட்டும் சரிவரவில்லை. எங்கே பிழைத்தது என்று இப்போதும் முதல் வரியில் இருந்து பார்க்கிறேன். எல்லா வரியும் சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா கலியாணம் முடித்துப் போனது நாட்டில் சண்டை முடிய முதல். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. அப்பாவின் செத்தவீட்டைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள். பிள்ளைகள், வேலை, வீட்டுக்கடன் என்று ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம் இருந்தது. போன வருசம் தலையிடி என்று போனவளுக்குத் தலைக்குள் கட்டி என்று சொன்னார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் அது பேச்சுக்குரிய இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்த பிறகு பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அக்கா எனக்குத்தான் முதலில் சொன்னாள்.

"ஒப்பரேசனுக்கு முதல் அம்மாவை இஞ்ச அனுப்பிவிடு. அவவோட ஒருக்கா இருந்து கதைக்கவேணும்."

"ஒவ்வொரு நாளும் கதைக்கிறாய் தானே?"

"போனிலை இல்லையடி. பக்கத்திலை இருந்து. அவவின்ரை மடியிலை படுத்துக்கொண்டு."

அவளுக்கு நரை விழுந்துவிட்டது, அவளுடைய மூத்தவன் கார் ஓட்டுகிறான். அந்த வயதில் மடி கேட்டாள்.

விசா குத்திய பாஸ்போட் கைக்கு வந்தபோது ஒப்பரேசனுக்கு மிச்சம் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு ரவுணுக்குப் போனேன். அங்கே போன் கார்ட், போட்டோக் கொப்பி, விமான ரிக்கற் எல்லாம் ஒரே மேசையில் நடத்துகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் நானா. புத்தளத்தில் கனகாலம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு, திரும்பி வந்து கடை போட்டவர். கணினியின் முகத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

மேலே இருந்தது ஒரே ஓர் இடத்தில் மாறுகிற பயணம். விலையைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் கிடந்ததுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஓர் அரபு நாட்டில் இறங்கி ஏறி, பிறகு பெயர் சொல்ல எனக்கே நாக்குப் புரளாத ஓர் ஐரோப்பிய நகரத்தில் இறங்கி ஏறி, ரொறன்ரோ. இரண்டு ரிக்கற்றும் ஒப்பரேசனுக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்தன. விலை கூடியது மத்தியானத்தில், மலிவானது பின்னேரத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அத்தானுக்குப் போன் எடுத்தேன். "காசைப் பாக்காதேங்கோ தங்கச்சி, நல்லதாப் பாத்துப் போடுங்கோ" என்றார். நல்ல மனிதர். ஆனால் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, இடையில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிற வேலை என்று அலைகிறவருடைய குரல் அது. அம்மா என் கையில் இருந்து போனைப் பறித்தார்.

"தம்பி, நீங்கள் பேசாமல் இருங்கோ. நான் மலிஞ்சதிலை வாறன்."

"ரெண்டு இடத்திலை மாறவேணும் அம்மா," என்றேன் நான்.

"கொழும்புக்குப் போறதெண்டாலும் வவுனியாவிலை இறங்கி மாறுறேல்லையே? மாத்தளனுக்குப் போகமட்டும் எத்தினை இடம் மாறினனாங்கள்? அப்ப ஆர் எனக்கு ரிக்கற் போட்டுத் தந்தது?"

அம்மா சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடின அந்தக் கதையை எடுத்தால் எங்கள் வீட்டில் எல்லா வழக்கும் தள்ளுபடி.

நானா தான் வழி சொன்னார். "ரீச்சர், ஒண்டுக்கும் பயப்பிடவேணாம். அம்மாவுக்கு வீல்செயர் போட்டுவிடுறன். அவங்களே வாசல்ல ஏத்தி, மற்ற பிளேன் வாசல்ல கொண்டுபோய் விடுவாங்க. இங்கிலீசும் தேவையில்ல, ஒண்டும் தேவையில்ல. இங்கேயிருந்து போற எல்லா அம்மாமாருக்கும் அதுதான் போடுறது."

உண்மைதான். தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிற அம்மாமாரும், தலையில் விறகு சுமக்கிற ஆச்சிமாரும் விமானநிலையத்துக்குள் கால் வைத்ததும் நடக்கமாட்டாதவர்கள் ஆகிவிடுவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்கிற தந்திரம் இது. களவு என்று யாரும் நினைப்பதில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தெய்வம் வந்து சொன்னதுபோலத்தான் இருந்தது.

அம்மா பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கால் இருக்கிறவள் அதிலை ஏறி இருக்கிறதோ?"

அப்பாவுக்குச் சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு கால் போனது. பிறகு அவர் இருந்தவரைக்கும் சக்கரக் கதிரைதான். தள்ளியது முழுக்க அம்மா. கிரவல் ஒழுங்கையில் தள்ளினார், கிளினிக்குக்குத் தள்ளினார், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனத்துக்குள்ளாலும் தள்ளினார். நான் கேட்டாலும் கைபிடியைத் தரமாட்டார். அப்பா போன பிறகு கதிரையைக் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உடையார்கட்டு ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சக்கரக் கதிரை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனாலும் எரிச்சல் வந்தது. "அம்மா, இது உங்கடை நியாயம் கதைக்கிற நேரம் இல்லை. எவன் வந்தாலும் எழும்பக்கூடாது. அவங்கள் எழும்பு எண்டு சொன்னால் மட்டும் எழும்புங்கோ. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றார். அம்மா ஒரே ஓர் "ஓம்" சொன்னால் அது சம்மதம் இல்லை என்பது எனக்குச் சின்ன வயதில் இருந்து தெரியும்.

கட்டுநாயக்கா விமானநிலையத்தில் கதிரையோடு ஒரு பெடியன் வந்தான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நுனியில் குந்தினார், சாய்ந்து இருந்தால் பாவம் என்பதுபோல. மடியில் கைப்பை. அதற்குள் வற்றாப்பளை அம்மன் கோவில் திருநீறு, ஒப்பரேசனுக்கு முதல் அக்காவின் நெற்றியில் பூச. கண்ணாடிக் கதவு மூடும் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது போனில் ஊர்கிற ஒரு சின்ன விமானப் படம் மட்டும். அது கடலுக்கு மேலே போகும், பாலைவனத்துக்கு மேலே போகும். அம்மா அதற்குள் இருக்கிறாரா என்று அது காட்டாது. விமானநிலையத்து இலவச வைபையோ, போனுக்கு அனுப்புகிற இரகசிய இலக்கத்தைப் போடு என்று கேட்கும், அந்த இலக்கம் வருவதற்கு அம்மாவின் போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. இரண்டாவது நகரத்தில் இருந்து படம் நேரத்துக்குக் கிளம்பியது. நான் நம்பிவிட்டேன்.

விடியக்காலை குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கும்போது அத்தானின் அழைப்பு வந்தது.

"எல்லாரும் வெளியாலை வந்திட்டினம் தங்கச்சி. மாமியைக் காணேல்லை."

"வீல்செயர்க்காரர் பிந்தித்தான் கொண்டுவருவினம் அத்தான்."

"கேட்டிட்டன். அவா பிளேனிலையே ஏறேல்லையாம்."

ஏறவில்லை என்றால் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. ஒரு சொல்லும் தெரியாத ஊரில், பூமியின் எங்கேயோ ஒரு கட்டடத்துக்குள் என் அம்மா இருக்கிறார். நான் முள்ளியவளையில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். கொதித்த தண்ணீரை இறக்குவதா விடுவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நானாவுக்கு அடித்தேன். அவர் எங்கெங்கோ கேட்டார். விமானக்காரரின் இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிரு என்றார்கள். வேறு வழியில்லாமல் சாரியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு நேரமும் தூரமும் படிப்பிக்கவேண்டிய பாடம். பலகையில் ஒரு கோடு கீறிவிட்டு, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

இடைவேளைக்கு அத்தான் திரும்ப அழைத்தார். அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த விமானநிலையத்தில் ஓர் அலுவலர் தன் போனில் அத்தானோடு ஒரு நிமிடம் கதைக்க விட்டிருக்கிறார். அடுத்த விமானம் மறுநாள்தான், அதில் இடம் போட்டிருக்கிறார்களாம். அது வந்து சேரும்போது அக்காவை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோய் முடிந்திருக்கும். அத்தான் உடனேயே அந்த இலக்கத்துக்குத் திருப்பி அடித்திருக்கிறார், அக்காவையும் அம்மாவையும் கதைக்கவைக்க. ஒருவரும் எடுக்கவில்லை.

அம்மா அத்தானுக்குச் சொன்னபடி நடந்தது இதுதான். அம்மாவைக் கதிரையோடு ஒரு காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு, நேரம் வரும்போது வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டு ஆள் போயிருக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஊன்றுகோலோடு சுவரில் சாய்ந்தபடி நின்றிருக்கிறார். ஒற்றைக்கால். காற்சட்டையின் மற்றப் பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்ததாம். அவருக்குக் கதிரை வரவில்லை. அவர் தன் ரிக்கற்றைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்திருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு எழும்பி, அவரைப் பிடித்துத் தன் கதிரையில் இருத்திவிட்டு, கைபிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டார். கிழவர் கையால் திசை காட்டக் காட்ட, அந்தக் கட்டடத்தின் மற்ற அந்தலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் விட்டபோது கிழவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாராம். திரும்பி வரும்போது எல்லாக் கடையும் ஒரே மாதிரி. எந்தப் பக்கத்தால் வந்தோம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் கிழவர்மேலா? அம்மா மேலா? கதிரை போட்டுத் தந்த நானா மேலா? அவருடைய வழியில் இதுவரை எத்தனையோ அம்மாமார் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுப் படலையைத் திறக்கும்போது அக்கா அழைத்தாள். அங்கே விடிகிற நேரம். ஆஸ்பத்திரி உடுப்போடு இருந்தாள்.

"எடியே, அம்மாவின்ரை கதை கேட்டனியோ? ஆரோ ஒரு கிழவனைத் தள்ளிக்கொண்டு திரிஞ்சாவாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்தாள். "அம்மாவை ஏசிப்போடாதை. உன்ரை வாய் எனக்குத் தெரியும்."

"ஏசமாட்டன்."

"அம்மாவாலை அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாதடி. நானெண்டாலும் இருந்திருக்கமாட்டன்." பிறகு போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "அம்மா வரேக்கை நான் நித்திரையா இருந்தாலும் எழுப்பச் சொல்லு. பாவம் எண்டு விடவேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு எழுப்புறமாதிரி, போர்வையை இழுத்துப்போட்டு எழுப்பச் சொல்லு. சரி, வந்திட்டாங்கள். வைக்கிறன்."

அம்மா கேட்க வேண்டிய கதை. அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு சொல்ல வேண்டிய கதை. அதை நான் படலையடியில் குடையும் கையுமாக நின்று கேட்டேன்.

அம்மா போய்ச் சேர்ந்தார். கட்டி எடுபட்டது, உயிருக்கு மோசமில்லை என்றார்கள். திருநீறு பூச நெற்றி இருக்கவில்லை, புருவம் வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. அம்மா அதை அக்காவின் கையில் பூசினார். அக்கா கண்ணைத் திறக்கிறாள், பார்க்கிறாள், திரும்ப மூடுகிறாள். பேச்சு வரவில்லை. பொறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

அம்மாவை நான் ஏசவில்லை. முதல்முறை போனில் வந்தபோது அவரே கேட்டார்: "கடைசியா உன்னோட என்ன கதைச்சவள்?" ஒன்றும் விடாமல் சொன்னேன். மறுநாளும் கேட்டார், சொன்னேன். இப்போது ஒவ்வொரு நாள் விடியவும் அழைப்பு வருகிறது. நான் சாரி கட்டிக்கொண்டே சொல்கிறேன். சிரித்தது, கண்ணைத் துடைத்தது, வாயைப் பற்றிச் சொன்னது எல்லாம் சொல்லி, எழுப்பச் சொன்ன இடத்துக்கு வந்ததும் அம்மா என்னை மறந்துவிடுவார். போனைக் கட்டில் ஓரத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். அங்கே பொழுதுபட்டிருக்கும். அம்மாவுக்கு மட்டும் நேரம் இன்னும் எங்கள் நேரம்தான்.

"எழும்பு பிள்ளை. விடிஞ்சிட்டுது. எழும்பு."

போர்வை இழுபடுகிற சத்தமும் கேட்கும். நான் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, மறுமொழி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன், பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகும்வரை.