வள்ளத்துக் கிரீஸ்

அந்தக் காருக்குத் தும்மல்காரி எண்டு பேர் வைச்சது நான்தான். சும்மா நிக்கேக்க நல்ல பிள்ளை. கிண்ணியாப் பாலத்தில எண்பதில விட்டாலும் ஒரு சத்தமில்லை. ஏத்தம் ஒண்டைக் கண்டு மூண்டாம் கியரில மிதிச்சாத்தான் துவங்கும். தும்மும், இழுக்கும், அரைவழியில நிண்டிடும்.

ரெண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சொந்தக்காரர் கிண்ணியாவில ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுவம். ஹாபரில கிறேன் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். ஆரோ வெளிநாட்டுக்காரர் கைவிட்டிட்டுப் போன காரை வாங்கி, இருபது வருசமாத் துடைச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறார்.

நானாட மனுசிக்கு முழங்காலில ஒப்பரேசன். அதுக்குப் பிறகு பயிற்சிக்கு டவுணில மேட்டுக்கு மேல இருக்கிற இடத்துக்குப் போகவேணும். மூண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார், மூண்டு தரமும் கார் அரை ஏத்தத்தில நிண்டிட்டுது. கடைசித் தரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம். பொடியள் கூவிக்கூவித் தள்ள, மனுசி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இருந்தாவாம். "இனி இதுக்க ஏறமாட்டன், வித்துப்போடுங்க" எண்டு சொல்லிப்போட்டா. மகன்மார் உடன கொழும்பில ஒராளைப் பிடிச்சிட்டினம். சனிக்கிழமை பாக்க வாறாராம்.

திங்கக்கிழமை நானா நான் வேலை செய்யிற டவுண் கராஜுக்கு வந்து என்ர தோளில கையை வைச்சார்.

"எப்பிடியாவது சரியாக்கித் தா மகன். அவவ ஒருக்கா மேல ஏத்திக் காட்டினா மனசு மாறும்."

"நானா, கொஞ்சம் பனடோல் குளிசை கரைச்சு ஊத்திப் பாப்பமா? சளி, தடிமனாத்தான் இருக்கும்."

அவர் சிரிக்கேல்லை. வழமையா சிரிக்கிற மனுசன்.

எங்கட பாஸ், கராஜ் முதலாளி, பெற்றோல் வரத்துக் குறைவு எண்டார். திங்கள் முழுக்க காபரேட்டரைக் கழட்டிக் கழுவினம். ஏத்தத்தில நிண்டுது. செவ்வாய் பெற்றோல் பம்ப். நிண்டுது. புதன் டாங்கை இறக்கி உள்ளுக்குக் கிடந்த துருவை எல்லாம் எடுத்தம். அதுக்கும் நிண்டுது. ஒவ்வொரு தரமும் நானும் பாஸும் அரை ஏத்தத்தில இருந்து திருப்பி, கியரில்லாமல் உருட்டிக்கொண்டு வருவம். சந்திக் கடைக்காரர் கதிரையைப் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பார். "தம்பி, கயிறு தரட்டோ?" எண்டு கேப்பார். ஆரையும் நக்கலடிக்கிறவன் நான்தான். அந்தக் கிழமை எனக்குத் திருப்பி அடிக்கவும் ஏலாமப் போச்சு. பின்னேரத்தில கையைக் கழுவாமலே சோறு திண்டுபோட்டுப் படுத்திடுவன்.

வியாழன் பின்னேரம், கார் பத்தாவது தரமோ என்னவோ உருண்டு வந்து நிண்டதை நானா பாத்தார். எங்களுக்கு முன்னாலேயே போனை எடுத்துக் கொழும்புக்காரரோட கதைச்சார். "ஓம், குடுக்கிறன். நீங்க வாங்க. பழுதிருக்கு, அதையும் சொல்லிப்போட்டன்." போனைப் பொக்கற்றில வைச்சுப்போட்டு கார்க் கூரையை ஒருக்காத் தடவினார். பிறகு பஸ்ஸில போனார்.

வெள்ளி மத்தியானம் பாஸ் சொன்னார், "பெற்றோல் பிழையில்லையெண்டா பிளக் நெருப்புத்தான். வெளிச்சத்தில தெரியாது. தார்ப் படங்கைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளுக்கப் பார்." நான் பொனற்றுக்கு மேல படங்கை இழுத்து, தலையை உள்ளுக்க விட்டன். வேர்வை கண்ணுக்க ஓடுது. பாஸ் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கியரில போட்டு மிதிச்சார். எஞ்சின் தவிச்சுது. அப்பத்தான் கண்டன். பிளக்குக்குப் போற வயரெல்லாத்திலயும் நீலமாப் பூரான் ஓடுற மாதிரி நெருப்பு ஊருது. உள்ளுக்க வெடிக்கவேண்டிய நெருப்பு வெளியால ஓடுது.

வயரெல்லாம் போய்ச் சேருற மூடியைக் கழட்டினன். வயர் நுனியளிலயும் மூடிக்கு உள்ளுக்கும் கறுத்தக் கிரீஸ். அதில ஒரு விரல் வழிச்ச அடையாளம்.

என்ர விரலை அதில வைச்சுப் பாத்தன், சரியாப் பொருந்திச்சுது. அது என்ர விரல்.

கராஜுக்கு வரமுதல் நான் படகு கட்டுற ஜெற்றியில வள்ளத்து எஞ்சின் திருத்தினனான். அங்க உப்புக்காத்துக்கு எதைக் கழட்டினாலும் கிரீஸ் பூசித்தான் பூட்டுவம், பழக்கம். ரெண்டு மாதத்துக்கு முதல் இந்தக் காரைச் சேர்விஸ் செய்யேக்க, என்ர பழைய கிரீஸ் ரின்னில இருந்து நானா கேக்காமலே அள்ளிப் பூசினனான், நல்லது செய்யிறன் எண்டு. அந்தக் கிரீஸில பென்சில் கரி மாதிரித் தூள் இருக்கு, கரண்ட் அதால போகும். சமதரையில எஞ்சினுக்குக் கஷ்டமில்லை, நெருப்பு ஒழுங்காப் போச்சு. ஏத்தத்தில எஞ்சினுக்க அமுக்கம் கூட, நெருப்பு லேசான வழியைப் பாத்துக்கொண்டு கிரீஸால ஓடியிட்டுது.

"டேய், வள்ளமெண்டு நினைச்சியோ?" எண்டார் பாஸ். துணியொண்டை எடுத்து என்னட்ட எறிஞ்சார்.

பெற்றோலால கழுவி, கருகினதை பிளேட்டால சுரண்டி, காயவைச்சுப் பூட்டினம். மேடு ஏறிச்சுது. உச்சியில நிண்டு நான் சந்தோசப்படேல்லை. நானாவுக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் சொன்னன், விரலையும் சொன்னன்.

"அப்ப கையெழுத்தும் போட்டுத்தான் விட்டிருக்கிறாய்" எண்டார்.

சனிக்கிழமை விடிய மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டுபேரும் ஏத்தத்தில போயிட்டு வந்து இறங்கிச்சினம். மனுசி கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"நல்லாத்தானே ஏறுது. பிறகென்னத்துக்கு விக்கிறது?"

"வாக்குக் குடுத்திட்டன். அந்தாள் அங்க இருந்து வெளிக்கிட்டிட்டார்."

"அப்ப என்ர சொல்லைக் கேட்டதுதான் பிழை."

"உங்கட பிழையில்லை" எண்டார் நானா. என்னைப் பாக்கேல்லை. பாத்திருக்கலாம்.

கொழும்புக்காரர் டவுணுக்கு வந்திட்டார் எண்டு போன் வந்துது. பத்து நிமிசம் இருக்கு. நான் அலுமாரிக்குப் போய் அந்த ரின்னை எடுத்தன். ஒரு விரல் போதும். ஏத்தத்தில தும்மும், அந்தாள் பயந்து போயிடுவார், நானா வாக்கும் மீறேல்லை. மூடியைத் திறந்துகொண்டு காரடிக்கு வந்தனான். நானா கண்டிட்டார்.

"அத மூடி வை மகன்."

"பகிடிக்கு எடுத்தனான் நானா."

"தெரியும். மூடு."

மூடினன்.

கொழும்புக்காரரே ஓட்டிப் பாத்தார். நாங்கள் கராஜ் வாசலில நிண்டம். சத்தம் சந்தியைத் தாண்டி ஏத்தத்தில மிதிச்சுக்கொண்டு மேல போச்சுது. நானா தலையைச் சரிச்சுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருக்காத் தும்மு, ஒரேயொருக்கா எண்டு நான் மனசுக்க கேட்டன். கடைசிவரைக்கும் தும்மேல்லை.