பாண்டிச்செல்வியின் தொண்டை

கவுஞ்சியில் மதிய பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. பாண்டிச்செல்வி கூப்பிடுவாள்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. சத்துணவுக் கூடத்தின் பின்வாசலில் நின்றால் ஒரு பக்கம் பஸ் வளைந்து வருவது தெரியும். இன்னொரு பக்கம் அடுக்கடுக்காக இறங்கும் பூண்டு வயல்கள். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் காலையில் வயலுக்கு இறங்கும்போதே சமையல்கட்டில் எட்டிப் பார்த்து, "எக்கா, இன்னைக்கு நான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வளைவில் பஸ்ஸின் மூஞ்சி தெரிந்ததும் அவள் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மூச்சை இழுப்பாள். நாலு அடுக்குக்குக் கீழே இருக்கிறவன் காலைக் கழுவிக்கொண்டு மேலேறி வரச் சரியாக இருக்கும்.

பாச்சலூரில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் நாள், கூடத்தில் இருந்த மாமனாரிடம் "தண்ணி வேணுமா மாமா?" என்று அடக்கமாகத்தான் கேட்டாள். எதிர்ச் சரிவில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் "வேண்டாம் தாயி" என்றார். அன்றிலிருந்து ஊர் அவளைப் பயன்படுத்திக்கொண்டது. அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. சிலருக்குக் கை நீளம், அவளுக்குத் தொண்டை.

சத்துணவுச் சமையலுக்கு வந்து பத்தொன்பது வருடம். இந்த ஜூனில்தான் அந்தத் தொண்டைக்குச் சோதனை வந்தது.

மூன்றாம் வகுப்பில் தாரணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பழனிக்காரப் பிள்ளை. தாய்மாமன் ஜெயமுருகன் வீட்டில் இருந்தாள். காதுவரை இறங்கிய குரங்குத் தொப்பி, அதற்குள் இரண்டு கண். முதல் நாள் மதியம் பாண்டிச்செல்வி வழக்கம்போல, "சோத்துக்கு வாங்கடா!" என்றாள். தட்டுகள் ஓடி வந்தன. எண்ணினால் ஒன்று குறைந்தது. தாரணி பள்ளிக்கு வெளியே, முட்டைக்கோஸ் வயலில், ஒரு கோஸ் அளவுக்குச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் ஓடினாள். அதற்கு மறுநாளும்.

சமைக்கிறவளுக்கு வரும் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். பாண்டிச்செல்வி சாம்பாரில் காரத்தைக் குறைத்தாள். அப்புறம் கூட்டினாள். வீட்டிலிருந்து நெய் கொண்டுவந்து ஊற்றினாள். உருளைக்கிழங்கைப் பொடிப்பொடியாக நறுக்கி முறுகலாக வறுத்தாள். இரண்டு வாரத்தில் மற்ற பிள்ளைகளுக்குக் கன்னம் வைத்தது. தாரணி ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

தலைமையாசிரியர் குமரகுரு கொடைக்கானல் டவுனிலிருந்து வருகிறவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், ஒரு கையேடும் ஐந்து மூஞ்சிகள் வரைந்த சார்ட்டும் கொண்டுவந்தார். சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தது.

"டெய்லி மார்னிங் அந்தப் பாப்பா இதுல ஒண்ணைத் தொடணும். ஃபீலிங்க்ஸ் வெளிய வரும்" என்றார்.

தாரணி தினமும் நடு மூஞ்சியைத் தொட்டாள். அதுதான் அவள் உயரத்துக்கு நேராக இருந்தது.

கடைசியில் விஷயத்தைச் சொன்னவன் ஜெயமுருகன். வெயிலுக்குப் பூண்டைப் பரப்பிக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான். "தாரணியோட அப்பா, எங்க மச்சான், சோத்துல உக்காந்தாத்தான்க்கா கத்த ஆரம்பிப்பாரு. கத்துனா அடுத்தது கைதான். தட்டு, செம்பு, எது கெடக்கோ அது. எங்கக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு திருப்பூர் மில்லுக்குப் போயிருச்சு. இவ எங்கிட்ட வந்துட்டா."

பாண்டிச்செல்வி அவனருகே குந்தினாள்.

"அப்ப சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

வழியெல்லாம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் கையில் தட்டு இருக்கும்போது கத்துகிறவள். பஸ்ஸுக்கு, சோற்றுக்கு, குரங்குக்கு, சும்மாவும்.

மறுநாள் முதல் கத்துவதை நிறுத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்று நிறுத்தத் தெரியவில்லை. அந்தத் தொண்டைக்கு இருந்தது இரண்டே நிலை. திறந்தால் முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே வீட்டிலும் ஒன்றுமில்லை. கையால் சாடை காட்டினாள். ஊரில் முதல் நாள் மூன்று பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். இரண்டாம் நாள் அவளுக்கு மௌன விரதம் என்றார்கள். புருஷன் பொன்னுவேலுக்கு அதைவிடக் கஷ்டம். இருபத்தைந்து வருடத்தில் அவள் பேசாமல் சோறு போட்டதே இல்லை. தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை உதறினான்.

"சரி, நாந்தான். மிக்ஸி மூடியை உடைச்சது பூனை இல்ல, நாந்தான். போதுமா? இப்பவாவது திட்டு."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

முதல் மூன்று நாளும் தாரணி பள்ளி எல்லைக்குள்ளேயே இருந்தாள். சாப்பிடவில்லை, ஆனால் ஓடவுமில்லை. குமரகுரு கையேட்டில் ஏதோ ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார். நாலாம் நாள் ஒரு காட்டுமாடு வேலியை மிதித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. ஒன்றாம் வகுப்பு வெளியில் விளையாடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் சேர்த்து வைத்ததெல்லாம் பாண்டிச்செல்வியின் வாயிலிருந்து ஒரே தடவையில் புறப்பட்டது. காட்டுமாடு நின்ற இடத்திலேயே திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பி யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தாரணியைக் காணவில்லை.

நாலு மணிக்குத்தான் கிடைத்தாள். ஜெயமுருகனின் பூண்டுக் கொட்டகையில், தார்ப்பாயின் மடிப்புக்குள் இருந்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்தான்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு சார். வயல் சோலியை விட்டுட்டுத் தெனமும் இவளைத் தேட முடியுமா? காட்டுமாடு திரியுற ஊரு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? பழனியில ஒரு விடுதி இருக்கு. சேக்குறதுக்குப் பாரம் வாங்கி வச்சிருக்கேன்."

"இப்பத்தான் இந்த இடம் கொஞ்சம் பழகுது. மறுபடி இடம் மாத்தக் கூடாதுங்க" என்றார் குமரகுரு. "ஒரு வாரம் டைம் குடுங்க."

"வெள்ளிக்கிழமை மதிய பஸ்ல பாரத்தைக் கொண்டுபோறேன். அதுக்குள்ள ஓடுறதை நிறுத்துனா பாப்போம்."

பாண்டிச்செல்விக்கு அந்த ஞாயிறு சரியாகவே விடியவில்லை. கத்தினாலும் தப்பு, கத்தாவிட்டால் காட்டுமாடு. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, எப்போதும்போல வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். இது ஊருக்குத் தெரியாத விஷயம். காட்டுமாட்டைத் திருப்பி அனுப்புகிறவளுக்குக் குக்கர் விசில் என்றால் உயிர் போய்விடும். பொன்னுவேல்தான் எட்டிப் பார்த்துச் சொல்வான்.

"வருது, வருது, காதை மூடிக்க!" என்றான்.

விசில் அடித்தது. அவள் அசையவில்லை. சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் செய்வதில்லை. சொல்லாமல் வரும்போதுதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது.

இன்னொரு விசிலுக்கு நிற்காமல் அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டேகாலுக்கு மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். இதற்காகவே கடையில் வாங்கிவந்ததுபோல ஒரு சின்னக் குரலில், "ஏ தாரணி, இன்னும் செத்த நேரத்துல நான் கத்துவேன். பஸ்ஸுக்கு. யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. காதைப் பொத்திக்க" என்றாள்.

தாரணி அன்றும் ஓடினாள். ஆனால் பள்ளியின் வாசல் கேட்டோடு நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பாண்டிச்செல்வி ஒரு படி இறங்கிக் கேட்டாள். "கத்தட்டுமா?"

குரங்குத் தொப்பி வெகுநேரம் யோசித்தது. வளைவில் பஸ் வந்துவிட்டது. பாண்டிச்செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைசியில் தொப்பி மேலும் கீழும் ஆடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

புதன்கிழமை தாரணியே சமையல்கட்டுக்கு வந்து நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முழங்கைகள் பானைக்குக் காது வைத்தமாதிரி நீட்டிக்கொண்டிருக்க, "ம்" என்றாள். பாண்டிச்செல்வி கத்தினாள். சட்டியின் மூடி நடுங்கியது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. கீழே ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

அன்று ஒரு முட்டை சாப்பிட்டாள். மஞ்சள் கரு மட்டும்.

வியாழக்கிழமை கேள்வி வந்தது. "யாரைக் கத்துறீங்க?"

"கத்துறதில்ல தாயி, கூப்புடுறது. இன்னைக்கு ராக்காயியும் மேலத்தெரு ஜோதிமணியும்."

"உங்க சத்தம் கேட்டா அவங்க பயப்படுவாங்களா?"

"பயம் என்ன பயம்? 'இந்தா வாரேன், வாயை மூடுடி'ம்பாளுக."

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே சிரிப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே ஜெயமுருகன் வெள்ளைச் சட்டையைப் பள்ளி வேலியோரச் செடிமேல் விரித்துப் போட்டுவிட்டு, பாரத்தை அதன் பையில் வைத்துவிட்டு, கடைசி அடுக்குக்கு இறங்கியிருந்தான். "எக்கா, இன்னைக்கு நான் மட்டுந்தான். மறந்துறாதீக" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பன்னிரண்டரைக்குத் தாரணி வந்து நின்றாள்.

"இன்னைக்கு யாரு?"

பொய் சொல்லலாமா என்று பாண்டிச்செல்விக்குத் தோன்றியது. தோன்றிய உடனே அசிங்கமாகவும் இருந்தது. "உங்க மாமன்" என்றாள். "கத்தட்டுமா?"

தாரணி காதைப் பொத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்."

"வேணாமா?"

"வேணாம்."

பஸ் வளைவில் திரும்பியது. பத்தொன்பது வருடத்துப் பழக்கம் பாண்டிச்செல்வியின் வாயை அதுவாகத் திறந்தது. அவள் கையால் மூடினாள். குமரகுரு ஓடி வந்தார். "யாரையாவது அனுப்பிக் கூட்டிட்டு வரலாமா? பாவம், அந்த ஆளு..."

"சார். கேட்டாச்சு. வேணாம்னுட்டா. அதுக்கப்புறம் வேற வழியில செஞ்சா, நான் கேட்டதே பொய்யின்னு ஆயிரும்."

குமரகுரு திரும்பிப் போய் சார்ட்டைச் சுவரில் நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

பஸ் வந்தது, திரும்பியது, இரண்டு தடவை ஹார்ன் அடித்தது, போனது. ஹார்ன் சத்தத்தில்தான் கீழே ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் அந்தத் தலை அடுக்கடுக்காக ஏறி வர ஆரம்பித்தது. பாண்டிச்செல்வி சோறு போட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்த தாரணியும் பார்த்தாள். கால்கள் ஓடுவதற்குத் தயாராக மடங்கியிருந்தன.

ஜெயமுருகன் முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. மார்பு ஏறியது. வாய் திறந்தது.

பாண்டிச்செல்வி சாம்பார்க் கரண்டியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஏலே, நில்லு. இங்கன கேட்டுட்டுத்தான் கத்தணும்."

"என்னத்தக் கேக்கணும்?"

"கத்தட்டுமான்னு. அவகிட்டக் கேளு. நானே கேட்டுட்டுத்தான் கத்துறேன், நீ என்ன பெரிய இவனா?"

முப்பது பிள்ளைகள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சாம்பார் அவன் காலில் விழுந்தது. ஏற்றி வைத்த மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"தாரணி..." என்றான். குரல் பாதி காற்றாக வந்தது. "மாமா கத்தட்டுமா?"

மடங்கிய கால்கள் அப்படியே இருந்தன. அவள் அவனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"சாப்புட்டுக்கிறேன். அப்புறம் கத்துங்க."

அவன் காத்திருந்தான். வேறு வழியில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்தான். அவள் சாப்பிட்டாள். முட்டையை, வெள்ளையையும் சேர்த்து. பருக்கை பருக்கையாக, இவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியும் என்று அந்த ஊருக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளி வைத்து, காதைப் பொத்திக்கொண்டு, "ம்" என்றாள்.

ஜெயமுருகன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் எல்லாரும்.

"ஏன் கண்ணு வேணாம்ன?" என்றான் கடைசியில்.

காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் சொன்னாள். "நான் பழனிக்குப் போகலை. இங்கயே இருக்கேன்."

"இருந்தா ஓடக் கூடாதுல்ல? ஓடமாட்டியா?"

தாரணி நேர்மையாக யோசித்தாள்.

"ஓடுவேன். சாப்புட்டுட்டு ஓடுவேன்."

குமரகுருவுக்குக் கையேட்டில் கோடு போட இடம் இருக்கவில்லை. ஜெயமுருகன் தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து போய்ச் செடிமேல் இருந்த சட்டையிலிருந்து பாரத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தான். "இந்தாங்க சார், நீங்களே வச்சுக்கங்க. என் கையில இருந்தா இன்னொரு நாளைக்குக் கோவம் வரும்."

தாரணி தட்டைக் கழுவக் கொண்டுபோனாள். அவன் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"எக்கா, பூச்சி மருந்து வாங்க வேண்டிக் கெடக்கு. திங்கக்கிழமை மதிய பஸ்ஸுக்காவது என்னையக் கூப்புடுவீகளா?"

பாண்டிச்செல்வி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே, குழாயடியை நோக்கித் தாடையைக் காட்டினாள்.

"என்னைய எதுக்குக் கேக்குற? அங்க போயிக் கேளு."