பச்சை உப்பும் எஸ்தர் டாக்டரம்மாவும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எஸ்தர் டாக்டரம்மாவின் தம்பி மகன். "பெரியம்மா, அத்தை போயிட்டாங்க." உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூத்தவள் நான் இருக்கிறேன், இவருக்கு என்ன அவசரம்?

அவசரம் அவர் கூடப்பிறந்தது. சிவகாசியில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களுக்குத் தெரியும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோற்றைக்கூட நின்றபடிதான் தின்பார். நர்ஸாக அவர் பின்னால் ஓடி ஓடி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். "மேரியக்கா, நிறைமாசக்காரிகூட ஒங்களைவிட வெரசா நடப்பா" என்று வார்டே சிரிக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அறுபதுகளில், தீபாவளி சீசன் நேரம். காலையிலேயே விஸ்வநத்தத்திலிருந்து சங்கரலிங்கம் என்பவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை. கை கால் துவண்டு கிடந்தது. நெஞ்சு லேசாகத்தான் ஏறி இறங்கியது. "என்ன சாப்பிட்டாக?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கம்மங்கூழுதாம்மா" என்றாள் அவர் மனைவி பொன்னுத்தாய். "உப்பே கரிக்கலைன்னாக. இன்னுங் கொஞ்சம் அள்ளிப் போட்டேன்."

கரிக்காத உப்பு! பிள்ளைகளுக்கு மத்தாப்புச் செய்யலாம் என்று அந்த மனிதர் பேரியம் உப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் பச்சை உப்பு என்போமே, அதுதான். எரிந்தால்தான் பச்சை, பார்க்க வெள்ளைவெளேரென்று சோத்து உப்பு மாதிரியே இருக்கும். அந்த விஷத்தைத்தான் பொன்னுத்தாய் தெரியாமல் கூழில் போட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா உடனே மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பேதி உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார். அது வயிற்றில் மிஞ்சியிருக்கும் பேரியத்தைக் கரையாத சேறாக்கிவிடும். குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகாது. ஆனால் ஏற்கெனவே போனதை என்ன செய்வது?

அதற்குள் சங்கரலிங்கத்தின் அண்ணன் தலைமாட்டில் நின்றே பேச ஆரம்பித்தார். "இனி தாங்காது. இங்கன உசுரு போச்சுன்னா அறுத்துருவாக. மூச்சு இருக்கையிலயே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். காரியம் முடிஞ்சதும் இவளை இவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிரணும்." இரண்டு பேர் கட்டிலில் கையும் வைத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா குனிந்து, "சங்கரலிங்கம், நான் பேசறது கேக்குதாய்யா? கேட்டா கண்ணை மூடித் திறங்க" என்றார். இமை மெல்ல மூடித் திறந்தது. அண்ணன் முகம் வெளுத்துப்போனது.

"பதில் வரலைன்னா காது கேக்கலைன்னு அர்த்தமா?" என்று டாக்டரம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு சினிமாக் கொட்டகைன்னு வச்சுக்கோங்க. பொட்டாசியம்னு ஒரு சத்து, ஆளுக மாதிரி உள்ள போய் வெளிய வந்துக்கிட்டு இருக்கணும். இந்த உப்பு வெளிவாசல்ல குறுக்க நிக்கி. உள்ள போன கூட்டம் உள்ளயே கிடக்கு. தெருவுல, அதான் இரத்தத்துல, ஆளில்லை. அதான் கை கால் வரலை. மூளைக்கு ஒண்ணுமில்லை. பேசறதுன்னா வெளிய போய்ப் பேசுங்க."

வாசல் எப்படி அடைபடுகிறது என்பதையெல்லாம் பின்னால் வந்த புத்தகங்களில்தான் நான் விவரமாகப் படித்தேன். அன்று அவரிடம் இருந்தது எங்கோ படித்த ஒரு கட்டுரையின் ஞாபகமும் துணிச்சலும்தான். பொட்டாசியத்தை டிரிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். குறைந்தால் மூச்சு நிற்கும், வேகமாகப் போனால் நெஞ்சு நிற்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாடியில் விரலை வைத்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஸ்டூலுக்கு அடியில் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. வாயும் ஓயவில்லை. "இப்ப ஊசி மாத்துதோம்யா. பொன்னுத்தாய் வெளிய கஞ்சி குடிக்கா. பயப்படாதீக." சுவரிடம் பேசுவது போலத்தான் இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் சங்கரலிங்கத்தின் விரல் அசைந்தது, பிறகு உதடு. அண்ணன் ஓடிவந்து குனிந்தார். சங்கரலிங்கம் சொன்ன முதல் வார்த்தை: "பொன்னுத்தாய எங்கனயும் அனுப்பக் கூடாது."

அண்ணன் அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் வராண்டாவுக்கு ஓடிவந்து அழுதேன். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம்தான். வாய் அசையாதவர் பக்கத்தில் நின்று அவரைப் பற்றிப் பேசமாட்டேன், அவரோடுதான் பேசுவேன். அந்த ஞாயிறு மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது டாக்டரம்மாவை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று சொந்தக்காரர்கள், "நல்லவேளை, இழுத்துக்கிட்டுக் கிடக்காமப் போய்ச் சேந்தாக. கிடந்தா யாரு பாக்கிறது?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய போய்ப் பேசுங்கலே!" என்று கத்திவிட்டேன். வீடே திரும்பிப் பார்த்தது.

தம்பி மகன் என் தோளைத் தொட்டு, "பெரியம்மா, அத்தைக்கு இனி எங்க கேக்கப் போகுது?" என்றான்.

எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு நானே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். இருந்தாலும் நாற்காலியை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடும்வரை, வந்திருப்பவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.