மழமழவென்று தேய்த்த மூட்டு

இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் ஓடும்போது ஒரு வாசம் எழும்பும்... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் பஜாரில் வெல்டிங் கடை வைத்திருந்தார். அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, என் தம்பி குமார் மாரியம்மனுக்குத் தூக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். முதுகிலும் காலிலும் கொக்கி முள் குத்தி, டிராக்டருக்கு மேலே கட்டிய சட்டத்தில் ஆளைத் தொங்கவிட்டு ஊர்வலம் போவார்கள். பழைய மரச் சட்டம் உளுத்துப்போனதால், அந்த வருஷம் இரும்புக் குழாயில் செய்யச் சொன்னது கோயில் கமிட்டி.

பாரம் குறைய வேண்டுமென்று மெல்லிய பைப்தான் வாங்கிக் கொடுத்தார்கள். வெல்டிங் கரண்டைக் கூட்டினால் பைப்பில் ஓட்டை விழும், குறைத்தால் ஒட்டாது. வீட்டுக்காரர் மெல்லிய வெல்டிங் குச்சியாகப் பார்த்து எடுத்து, நிறுத்தி நிறுத்தி, பைப்புகள் சேரும் மூட்டைச் சுற்றித் தடிப்பாகப் பற்ற வைத்தார். மூலைக்கு மூலை முக்கோணத் தகடும் வைத்தார். பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருந்தது.

கமிட்டித் தலைவர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“என்னப்பா இது, ஆறிப்போன புண்ணு மாதிரி! சாமி காரியம். தகட்டையெல்லாம் எடுத்துட்டு மழமழன்னு தேச்சி விடு.”

“மெல்லிசு பைப்புங்க... தேச்சா புடிமானம் போயிரும்ங்க.”

“அம்மன் பாத்துக்குவா. நீ தேய்யி.”

கோயில் விஷயத்தில் எங்கள் தோட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். வீட்டுக்காரர் தகட்டை எடுத்துவிட்டுத் தேய்த்தார். சில்வர் பெயின்ட் அடித்தார்கள். நான் கையால் தடவிப் பார்த்தேன்... மூட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திருவிழா அன்று குமார் அந்தச் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வந்தான். ஃபெக்டரி வளைவில் டிராக்டர் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. ஒரு உலுக்கல்... படாரென்று ஒரு சத்தம். தப்பு மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். குமார் ரோட்டில் கிடந்தான்.

முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

சட்டம் ஒடிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? “விரதத்துல ஏதோ கொற இருந்திருக்கு.” பாவி மனுஷன்! பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடந்தவன் என் தம்பி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்காரர் யாரையும் குறை சொல்லவில்லை. “கிரைண்டர புடிச்சது நாந்தானே” என்றார். கடையைப் பூட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு குமார்தான் கேட்டான். கட்டிலுக்கு மேலே பிடித்து எழும்ப ஒரு சட்டம் வேண்டுமாம்.

“வேற யாருகிட்டயும் குடுக்காதீங்க மச்சான். நீங்களே செஞ்சி தாங்க.”

பூட்டிய கடையைத் திறந்து செய்தார். அதே மெல்லிய பைப். மூலைக்கு மூலை தகடு. ஒவ்வொரு மூட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். கிரைண்டரைத் தொடவேயில்லை.

அப்போது அந்த சில்வர் சட்டத்தைப் பார்க்க லயத்து வீட்டுச் சனமெல்லாம் திரண்டு வந்தது. இப்போது இதைப் பார்க்க யாரும் வருவதில்லை. தினமும் காலையில் தம்பி பைப்பைப் பிடிக்கக் கையை நீட்டும்போது வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்...

“உக்காந்துட்டேன் மச்சான்” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.