மழையிலும் குறையாத தூசி

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், சுதர்ஷினியும் அண்ணனும் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், ஒரு கம்பத்தின் உச்சியில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. அது காற்றை உள்ளே இழுத்து, கண்ணுக்குத் தெரியாத தூசி எவ்வளவு என்று எண்ணில் காட்டும். தினமும் காலை ஆறு மணிக்கு சுதர்ஷினி அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுவாள். இரத்தோட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் பாஸான முதல் பிள்ளை அவள். பல்கலைக்கழக ஆய்வுக்குழு அவளை ஆறு மாதத்துக்கு வேலைக்கு வைத்திருந்தது. முப்பது நாள் கணக்கு பிசகாமல் கொடுத்தால் வேலை நீடிக்கும்.

முதல் இருபது நாளும் எண் முப்பதைச் சுற்றியே வந்தது. இருபத்தோராம் நாள் சரஸ்வதி பூசை. காலையில் எழுதிவிட்டு இரத்தோட்டைக்குப் போனவள் மாலையில் திரும்பியபோது, மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறுநாள் மீட்டர் நூற்று நாற்பத்திரண்டு என்றது.

மழை பெய்தால் தூசி இறங்க வேண்டும். இங்கே ஏறியிருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. பஸ்களைச் சந்தேகித்தாள். அதிகாலையில் பஸ் ஓடாத நேரத்திலும் எண் அசையவில்லை. கடைசியில் எதிர்வீதி மிளகாய் மில்லுக்குப் போய், ஒரு நாள் மில்லை நிறுத்த முடியுமா என்று மில்காரர் முனாஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தங்கச்சி, நேத்துப் பௌர்ணமி, போயா லீவுக்கு மில்ல மூடிட்டு நாங்க குருணாகல் போயிட்டோம். நேத்து எவ்வளவு காட்டிச்சு?"

நூற்று நாற்பது காட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஏணி போட்டு மீட்டரைக் கழற்றினாள். அடிப்பக்கத்தில், காற்று நுழையும் துவாரத்தில், வெள்ளையாக ஏதோ ஈரத்தில் இறுகிக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். விபூதி.

கீழே அண்ணன் சதீஸ்குமார் கராஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மீட்டருக்கு விபூதி வைத்தாயா என்று கேட்டாள்.

"பூசையன்னிக்கு ஸ்பேனருக்கெல்லாம் வச்சேன். ஒன் சோத்துக்கு வழி பண்ற சாமானுக்கு வைக்காம விடுவேனா? மேல மூணு பட்டை போட்டு, கீழயும் கொஞ்சம் தூவுனேன்."

அவளுக்குக் கோபப்படவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. பிழையான நாட்களை அடித்தால் கணக்கு அறுந்துபோகும். அடிக்காவிட்டால் மாத்தளைக் காற்றைப் பற்றி ஒரு பொய் போகும். அன்று மாலை, குழுத்தலைவர் தர்மராஜாவுக்கு நடந்ததை அப்படியே எழுதினாள். "தூசி புகுந்தது" என்று முதலில் எழுதியதை அழித்து, "பூசையில் விபூதி தூவப்பட்டது" என்று திருத்தினாள்.

மறுநாள் பதில் வந்தது: மீட்டரைச் சுத்தம் செய்து முதலாம் நாளிலிருந்து தொடங்கவும், வேலை பற்றி முப்பது நாள் முடிந்ததும் பேசலாம்.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மென்மையான தூரிகையால் துடைத்து மாட்டினாள். முப்பத்தெட்டு. முன்பைவிட ஏழெட்டுக் கூடுதல். ஊர்க்காற்றா, இன்னும் ஒட்டியிருக்கும் சாம்பலா?

ஏணியைப் பிடித்திருந்த அண்ணன் மெல்லக் கேட்டான்: "கம்பத்துல மட்டும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கலாமா?"

சந்தனம் காய்ந்தால் உதிருமா என்று யோசித்தபடி, அவள் ஏணியிலேயே நின்றாள்.