மூன்று சாக்குக் காப்பி

காப்பிப் பழம் காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க என் கணவர் அதைப் பல்லால் கடிப்பார். கடித்து, முகத்தைச் சுளித்து, "காஞ்சு போச்சு" என்பார். அவர் அப்படிச் சொன்னால் இன்னும் நான்கு நாள் வெயில் வேண்டும் என்று அர்த்தம். காப்பியைக் கடித்துப் பார்க்கக் கூடாது, கேட்டுப் பார்க்க வேண்டும். கறுத்துச் சுருங்கிய பழங்களை ஒரு கைப்பிடி அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்கினால், தோலுக்குள் கொட்டை கழன்று கலகலவென்று ஓடும். ஓடினால் காய்ந்தது. சத்தம் மந்தமாக வந்தால் மறுபடியும் களத்தில் கொட்ட வேண்டியதுதான். கல்யாணமான வருஷமே இதைச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் குலுக்கிப் பார்ப்பார். அவர் காதுக்கு எல்லாச் சத்தமும் கலகலதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நிறைமாத வயிற்றோடு நான் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு இதுதான் முழுக் காரணம். மழைக்குப் பயப்படாத வீராங்கனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புருஷனிடம் காப்பியை ஒப்படைக்கத் துணியாத பெண்டாட்டி, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சக்குட்டையை ஒட்டி. வீட்டு வாசலில் காப்பி காயும் களம், களத்தைத் தாண்டினால் ஓடை. பெரிய மழை வரும் என்று அறிவிப்பு வந்துவிட்டால் இந்த மலையில் முதலில் கீழே இறக்குவது நாள் நெருங்கிய கர்ப்பிணிகளைத்தான். பாதையில் மண் சரிந்து ஒரு மரம் விழுந்தால் போதும், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற சேலம் எட்டாத தூரமாகிவிடும். நர்சம்மா கையில் ஒரு பட்டியல் இருக்கும். ரெட் அலர்ட் என்றதும் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வானமும் என்னோடு விளையாடியது.

முதல் தடவை அலர்ட் வந்தபோது ஒழுங்காக இறங்கினேன். சேலத்தில் நான்கு நாளும் மண்டையைப் பிளக்கிற வெயில். மலையிலும் வெயில்தானாம். என் கணவரோ போனில் வந்த எச்சரிக்கையை நம்பி, களத்துக் காப்பியைத் தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு பக்கமும் கல் வைத்து, நான்கு நாளும் திறக்கவே இல்லை. திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால் ஆவி அடித்தது. காப்பி புளித்துப் பூசணம் பூத்திருந்தது. "மழ பட்டுருக்கும்ல?" என்றார் அவர். மழையே பெய்யவில்லையே ஐயா!

இரண்டாவது தடவையும் இறங்கினேன். இந்தத் தடவை அவர் புத்தி தெளிந்து, மூடவே கூடாது என்று முடிவு செய்திருந்தார். மூன்று நாள் மூடுபனியும் சாரலும். நனைந்த காப்பி களத்தில் கிடந்து நாறியது. தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் சபதம் எடுத்தேன். மூன்றாவது எடுப்பு, அதாவது மூன்றாம் முறை பறித்த பழம், களத்துக்கு வரும்போது, பிள்ளை பிறந்தாலும் சரி, பிரளயம் வந்தாலும் சரி, நான் களத்தை விட்டு நகர மாட்டேன். அந்த மூன்றாவது எடுப்புதான் அந்த வருஷத்திலேயே நல்ல பழம். ரத்தச் சிவப்பு.

மூன்றாவது அலர்ட் வந்தது. ஏற்காடு பஜாரில் ரொட்டியும் மெழுகுவத்தியும் தீர்ந்துவிட்டன என்றார்கள். லாட்ஜ்களில் தங்கியிருந்தவர்களைக் கிளம்பச் சொன்னார்கள். யாரோ ஒருவர் அழுகிற குரலில் பேசிய ஆடியோ ஒன்று எல்லார் போனுக்கும் வந்தது. எங்கள் மலையிலுள்ள கரடியூருக்கு மேலே மேகம் உடையப் போகிறது என்றார் அவர். போன தடவை உடையாத மேகத்தைப் பற்றி அழுததும் இதே குரல்தான். நான் போனை அணைத்துவிட்டுக் களத்தில் காப்பியைக் கிளறப் போனேன்.

அன்றைக்கு மதியம் நர்சம்மா வருவது தூரத்திலேயே தெரிந்தது. நான் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து குத்தவைத்துக்கொண்டேன். அவர் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. பிறகு நேராகத் தோட்டத்துக்குள் வந்து, என் செடிக்கு முன்னால் நின்றார்.

"அம்மிணி, தலை மறைஞ்சுருக்குதுங்க. வயிறு வெளிய தெரியுது."

"நா வரலீங்க. இன்னும் பத்து நாளு இருக்குதுங்க. ரெண்டு தடவ ஏமாந்தது போதுமுங்க" என்றேன் உள்ளேயிருந்து.

"இந்தத் தடவ நெசமாவே வருதாமுங்க."

"போன தடவையும் அப்படித்தானுங்க சொன்னீங்க!"

அவர் எவ்வளவோ கெஞ்சினார். நான் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கடைசியில் நாளைக் காலை கடைசி ஜீப் போகும், அதற்கப்புறம் பாதையை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, என் அத்தையிடம், அதாவது மாமியாரிடம், ஏதோ கிசுகிசுத்துவிட்டுப் போனார். அத்தை ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கோழி முட்டையிட்டால்கூட அரை மணி நேரம் பேசுகிறவர் அவர். அன்றைக்கு ஓடைப் பக்கம் பார்த்து நின்றார், வானத்தைப் பார்த்தார், கோழிக்கூடையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். 

மறுநாள் காலையில் ஜீப் ஹாரன் கேட்டு வெளியே வந்தேன். களம் காலியாக இருந்தது. வாசலில் மூன்று சாக்கு, வாயெல்லாம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி நின்றன. கிட்டே போனால் காப்பி வாசம் தூக்கியது. அத்தை சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"காப்பிய சேலத்துக்கு அனுப்பறேன் கண்ணு. எந் தங்கச்சி ஊட்டு மொட்ட மாடி சும்மாதான கெடக்குது. அங்க காயட்டும். நீ இங்கயே இரு."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "கூட யாருங்க போறது?"

"டிரைவரு எறக்கி வெச்சுருவாரு."

"டிரைவருக்கு என்னங்கத்தே தெரியும்? கெளறோணும், குமிக்கோணும், காதுல வெச்சுக் கேக்கோணும்!"

அத்தை வெற்றிலையைத் துப்பினார். "அதுவும் செரிதான். அப்ப உம் புருசன அனுப்பறேன். அவன் கடிச்சுப் பாத்துக்குவான்."

அவ்வளவுதான். நான் செருப்பைத் தேடினேன். என் கணவர் திண்டாடிப்போய் வேறு பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், பாவம். டிரைவர் மூன்று சாக்கையும் ஒவ்வொன்றாக ஒரே கையால் அநாயாசமாகத் தூக்கி ஜீப்புக்குள் போட்டார். அடேயப்பா, மனுஷனுக்கு என்ன பலம் என்று வியந்தேன். சேலத்துக்கும் அதே ரெட் அலர்ட்தான், அங்கே மட்டும் மொட்டை மாடியில் எப்படிக் காயும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. காப்பி என்று வந்துவிட்டால் என் மூளை அந்த லட்சணம்.

அத்தையும் ஏறிக்கொண்டார். சீட்டுக்கு அடியில் ஒரு பை இருந்தது. என் சேலைகள், குழந்தைக்குப் பழைய வேட்டியில் கிழித்த துணிகள், ஆஸ்பத்திரி அட்டை, எல்லாம் இருந்தன. "இது எப்ப கட்டுனீங்க?" என்று கேட்டேன். அவர் காது கேட்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏற்காடு தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் ஒரு சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இறங்கினேன். மேகம் எங்கள் பின்னாலேயே வந்தது.

சேலத்தில் அத்தையின் தங்கை வீட்டில் இறங்கியதும் வானம் கறுத்துவிட்டது. எனக்குப் பதற்றம். சாக்கில் அடைத்த காப்பி வேர்க்கக் கூடாது, உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழேயாவது பரப்பிவிடலாம் என்று முதல் சாக்கின் கயிற்றை அவிழ்த்தேன். மேலே என் காப்பிதான். ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினேன். இன்னும் மந்தம். அடியில் எப்படி இருக்கிறது என்று முழங்கை வரைக்கும் கையை விட்டேன்.

மெத்தென்று இருந்தது. வெளியே எடுத்தால், போன வருஷம் மெஷினில் உடைத்த காப்பித் தோல். எருவுக்காக வீட்டுக்குப் பின்னால் குவித்து வைத்த குப்பை! இரண்டாவது சாக்கும் அதே. மூன்றாவதும் அதே. மேலே நான்கு விரல்கடை காப்பி, கீழே முழுக்கக் குப்பை.

"அத்தே!"

அவர் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன சாமி?"

"எங் காப்பி எங்கீங்க?"

"அது ஊட்டுலதான் இருக்குது. மூணு சாக்கு நெசக் காப்பியத் தூக்கிப் போட்டா ஜீப்பு எப்படிக் கண்ணு எறங்கும்?"

எனக்கு வந்ததே கோபம். குப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருபது வளைவு இறங்கியிருக்கிறேன்! டிரைவர், நர்சம்மா, என் கணவர், எல்லாரும் கூட்டு. அவர் தோள் குலுங்கியது சிரிப்பில்தான் என்று அப்போதுதான் விளங்கியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அத்தையின் தங்கை பயந்துபோய் அடுப்படிக்குள் போய்விட்டார். பாதித் திட்டலில் இடுப்பைப் பிடித்து யாரோ முறுக்கிய மாதிரி ஒரு வலி வந்தது. பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பத் திட்டறதா, ஆஸ்பத்திரிக்குப் போறதா?"

"திட்டிக்கிட்டே போலாமுங்க" என்றேன்.

அப்படித்தான் போனோம். ஆட்டோவில் வலி இல்லாத இடைவெளிகளில் எல்லாம் திட்டினேன். அவர் என் கையைப் பிடித்தபடி "செரி கண்ணு, செரி கண்ணு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மழை பிடித்துவிட்டது. சாயங்காலம் என் மகள் பிறந்தாள். குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக. அதே சாயங்காலம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இந்தத் தடவை மேகம் நிஜமாகவே உடைந்துவிட்டது.

மறுநாள் காலை அத்தை எனக்குக் கஞ்சி ஊட்டினார். எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. "நேராவே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"சொன்னா செடிக்குள்ளாற போயி ஒக்காந்துக்குவ."

 அவர் இன்னொரு கரண்டி ஊட்டிவிட்டு, "உம் புருசன் எங்க பொறந்தான் தெரியுமா? பதினேழாவது வளைவுல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே, இனி அவரைச் சும்மா விடுவேனா என்று நினைத்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"கம்பளியில கட்டி நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. நொம்ப மழ. ரோட்டு மேல தண்ணி போவுது. ரெண்டு பேரு எம் மேல பிளாஸ்டிக் தாளப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. பொறந்துட்டான், ஆனா அழுவறானா இல்லையான்னே தெரியல கண்ணு. தண்ணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. உசுரோட இருக்கறானான்னு தெரியாமயே கீழ வரைக்கும் வந்தேன்."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு முந்தானையால் என் வாயைத் துடைத்தார்.  அவரைத் திட்டியதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவரிடமிருந்து இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. மலையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஓடை களத்தில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காப்பி போனால் போகட்டும், மனுஷன் ஒரு குரல் கொடுத்தால் போதும் என்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, காப்பிக்காக ஆடிய ஆட்டத்துக்கு அப்புறம். மூன்றாம் நாள் போன் அடித்தது.

"அம்மிணி!" என்று கத்தினார். டவர் வந்ததும், ஊரில் நின்ற ஒரு ஜீப்பின் பேட்டரியில் போனுக்கு உயிர் கொடுத்தாராம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பார் என்று பார்த்தேன். "இரு, இரு, ஒண்ணு கேளு" என்றார். போனுக்குள் ஏதோ குலுங்கியது.

ஓடைத் தண்ணீர் களத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் நாங்கள் இறங்கிய அன்றைக்கே அவர் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த மொத்தக் காப்பியையும் எடுத்து, எங்கள் கட்டில்மேல் பரப்பி, கீழே பாத்திரத்தில் கரி நெருப்பு வைத்து, மூன்று நாளாகக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். தரையில்தான் படுக்கையாம்.

"காஞ்சுருச்சா? எனக்கு வெளங்கலை. நீ கேட்டுச் சொல்லு."

மறுபடியும் குலுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இல்லீங்க. இன்னும் ரெண்டு நாளு" என்றேன். "கடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார், குற்றவாளி மாதிரி.

எங்கள் சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள். ஒரு முனகல், பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகை. நான் போனை அவள் வாயருகே பிடித்தேன். அந்தப் பக்கம் குலுக்கல் நின்றது. 

ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்தார். குனிந்து, மழைச் சத்தத்தை மீறிக் கத்துகிறவர் மாதிரிப் போனில் கத்தினார்.

"டேய், புள்ள அழுவறா. கேக்குதாடா?"

"கேக்குதும்மா" என்றார் என் கணவர். "நல்லாக் கேக்குது."