லிஃப்ட் மெக்கானிக் வரைந்த போர்டு

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர் அவர். கயிறு, மோட்டார், கதவு என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும், மின்சுற்று பதித்த பச்சை போர்டு கருகிவிட்டால் மட்டும் கையை விரித்துவிடுவார். கம்பெனிக்கு எழுதினால் புதிது வரும். மாட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

ஓர் எட்டு மாடிக் குடியிருப்பில் போர்டு கருகியபோது அந்த வழியும் அடைபட்டது. லிஃப்டைச் செய்த கம்பெனியே மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. ஏழாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, ஐந்து வாரமாகத் தெருவை மிதிக்காமல் இருந்தார். மூச்சு வாங்கப் படியேறி வந்த மெக்கானிக்கிடம் அவர் கோபப்படவில்லை.

"அந்த போர்டையும் யாரோ ஒரு மனுஷன்தானே வரைஞ்சிருப்பாரு? உங்களால முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி மெக்கானிக்கை விடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் கீகேட் என்ற மென்பொருளை இறக்கினார். மின்சுற்றை வரைந்து போர்டாக அமைக்க உதவுவது அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்தும் பார்க்கலாம்.

கருகிய போர்டை மீட்டரால் தொட்டுத் தொட்டு, எது எதோடு சேர்கிறது என்று குறித்துத் திரையில் ஏற்றவே ஒன்பது நாள் ஆயிற்று. அப்புறம் பாகங்களை அடுக்கி, செம்புத் தடங்களை இழுத்தார். பதினோரு இணைப்பு மிச்சமிருக்கும்போது மாட்டிக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேறொரு தடம் குறுக்கே நின்றது.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அடிப்பக்கம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? ஊசியைக் கீழ இறக்கி, அந்தக் கோட்டைத் தாண்டி மேல எடுங்க."

இரண்டு பக்கமும் தடம் போடலாம் என்று மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். சின்னச் சின்னத் துளைகள் வழியே பதினொன்றும் கீழே இறங்கி மேலே வந்தன. சோதனைப் பொத்தானை அழுத்தினார். பிழை பூஜ்யம்.

முப்பரிமாணக் காட்சியைத் திறந்ததும் இருவரும் திரையை நெருங்கிக் குனிந்தார்கள். பாகங்கள் நிமிர்ந்து நிற்க, போர்டு முழுசாகத் திரையில் சுழன்றது.

"நிழல்கூட விழுதுங்க," என்றார் மனைவி.

மென்பொருளை எழுதியவர்களின் பட்டியல் ஒரு மூலையில் இருந்தது. தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

"இவ்வளவு பேரா? நமக்காகவா?"

"நம்மளை அவங்களுக்குத் தெரியவே தெரியாது," என்றார் அவர்.

வரைபடத்தை அனுப்பிய தொழிற்சாலையிலிருந்து போர்டு அச்சாகி வந்தது. பாகங்களைப் பற்றவைத்து, லிஃப்டில் பொருத்தி, மூன்று நாள் மணல் மூட்டைகளை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அரசு லிஃப்ட் ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட பிறகே டீச்சர் ஏறினார். தரைத்தளத்தில் கதவு திறந்ததும் அவர் வெளியே போகவில்லை. "முதல்ல அந்த கண்ட்ரோல் பெட்டியைத் திறங்க. நீங்க வரைஞ்சதைப் பாக்கணும்," என்றார்.

வரைபடத்தை மெக்கானிக் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். இரண்டு மாதம் கழித்து, கடல் தாண்டிய ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இதே லிஃப்ட். அதற்குள் இதே போர்டு. அதைச் செய்த, முகம் தெரியாத மெக்கானிக் ஒரு பாகத்தை மட்டும் சூடேறும் இடத்திலிருந்து தள்ளி வைத்திருந்தார்.

"இங்க வாயேன்," என்று இவர் மனைவியைக் கூப்பிட்டார். "என்னைவிட நல்லா போட்டிருக்காரு, பாரு."